தாவர ஈரப்பதத்தின் செயற்கைக்கோள்வழிக் கணிப்பு

தாவர ஈரப்பதத்தின் செயற்கைக்கோள்வழிக் கணிப்பு என்பது காடு, புதர்நிலம், புல்வெளி ஆகியவற்றிலுள்ள உயிருள்ள தாவரங்களில் எவ்வளவு நீர் அடங்கியுள்ளது என்பதைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்யும் ஒளி, வெப்பம், நுண்ணலை ஆகியவற்றின் அளவுகளிலிருந்து மதிப்பிடும் தொலையுணர்தல் முறையாகும். காட்டுத்தீ ஏற்படும் வாய்ப்பையும், ஏற்பட்ட தீ பரவும் விரைவையும் முன்கூட்டியே அறிவதற்கு இக்கணிப்பு பயன்படுகிறது. எரியும் காட்டைச் செயற்கைக்கோளில் கண்டறிவது வேறு, எரியக்கூடிய காட்டைக் கண்டறிவது வேறு. முதலாவது தீ தோன்றிய பிறகே பயன்படும். இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

வரையறை

காட்டுத்தீ அறிவியலில் எரியக்கூடிய தாவரப் பொருள் அனைத்தும் எரிபொருள் எனப்படும். சருகு, சுள்ளி, விழுந்த கிளை, காய்ந்த புல் போன்றவை இறந்த எரிபொருள்கள். மரத்திலும் செடியிலும் உள்ள பசிய இலைகளும் மெல்லிய கிளைகளும் உயிருள்ள எரிபொருள்கள். இரண்டின் ஈரப்பதமும் ஒரே வாய்பாட்டால் குறிக்கப்படுகிறது:

ஈரப்பதம் (%) = (ஈர நிறை − உலர் நிறை) ÷ உலர் நிறை × 100

இங்கு வகுக்கும் எண் மொத்த நிறை அன்று, உலர் நிறை என்பது கவனிக்கத்தக்கது. எடுத்துக்காட்டாக, 100 கிராம் பசிய தழையை உலர்த்திய பின் 55 கிராம் எஞ்சினால், அதிலிருந்த நீர் 45 கிராம். ஈரப்பதம் 45 ÷ 55, அதாவது ஏறத்தாழ 82% ஆகும். இவ்வரையறையின்படி ஈரப்பதம் 100 விழுக்காட்டைத் தாண்டலாம். புதிதாகத் துளிர்த்த இலைகளில் அது 200 விழுக்காட்டுக்கு மேலும் செல்வதுண்டு. நூற்றுக்கு மேற்பட்ட விழுக்காட்டைக் கண்டு இது அச்சுப்பிழை என்று எண்ணுவோர் பலர், அது பிழையன்று.

இறந்த எரிபொருளின் ஈரத்தை வானிலையே பெரிதும் தீர்மானிக்கிறது. மெல்லிய சருகு காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்பச் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். தடித்த கட்டை காய வாரக்கணக்கில் ஆகும். எனவே அதனை வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், மழை ஆகிய தரவுகளைக் கொண்டே ஓரளவு நன்றாகக் கணக்கிடலாம். உயிருள்ள தாவரத்தின் நிலை வேறு. அது வேரால் நீரை உறிஞ்சுகிறது, இலைத்துளைகளை மூடி நீரைச் சேமிக்கிறது, பருவத்துக்கேற்பத் துளிர்க்கிறது, முற்றுகிறது. ஒரே மலைச்சரிவில் அருகருகே நிற்கும் இரு இனங்கள் ஒரே வானிலையில் வெவ்வேறு அளவு ஈரத்துடன் இருக்கும். வானிலைத் தரவு மட்டும் இதற்குப் போதாமையால்தான் தாவரத்தையே நேரடியாக நோக்கும் செயற்கைக்கோளின் தேவை எழுந்தது.

ஈரமும் எரிதலும்

தாவரப் பொருள் தீப்பற்றும் முன் அதிலுள்ள நீரின் பெரும்பகுதி ஆவியாக வேண்டும். 20 பாகை செல்சியசு வெப்பநிலையிலுள்ள ஒரு கிலோகிராம் நீரை 100 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 335 கிலோஜூலும், பின்னர் அதனை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூலும் தேவை. உலர் நிறை ஒரு கிலோகிராம் உள்ள தழையின் ஈரப்பதம் 120% எனில், நீரைப் போக்க மட்டும் ஏறத்தாழ 3,100 கிலோஜூல் செலவாகும். 60% எனில் அதில் பாதி போதும். எரியும் புதர் தன் அருகிலுள்ள புதருக்கு அனுப்பும் வெப்பம் இச்செலவை ஈடுகட்டினால்தான் தீ தொடரும். ஈரம் மிகுந்த தழை வெப்பத்தை விழுங்கித் தீயைத் தணிக்கிறது. ஈரம் குறைந்த தழை தீக்கு உணவாகிறது. அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த ரிச்சர்டு ரோத்தர்மல் 1972 ஆம் ஆண்டு வெளியிட்ட தீப்பரவல் மாதிரியில் இக்கருத்து வாய்பாட்டு வடிவம் பெற்றது. இன்றும் பல தீப்பரவல் மென்பொருள்களின் அடித்தளம் அம்மாதிரியே.

களத்தில் அளத்தல்

செயற்கைக்கோள் கணிப்பு எதுவாயினும் அதனைச் சரிபார்க்கக் கள அளவீடு வேண்டும். களப்பணியாளர் குறிப்பிட்ட இனத்தின் இலைகளையும் மெல்லிய கிளைகளையும் வெட்டி, காற்றுப் புகாத கலனில் அடைத்து, எடை பார்ப்பார். பின்னர் அவை உலர்த்தும் அடுப்பில் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை வைக்கப்பட்டு மீண்டும் எடை பார்க்கப்படும். முறை மிக எளியது. ஆனால் ஆட்கூலியும் பயணமும் மிகுதி. ஒரு மாவட்டத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் இரு வாரத்துக்கு ஒருமுறை அளப்பதே பெரும்பணி. இடையிலுள்ள ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் நிலம் அளக்கப்படாமலே இருக்கும்.

தெற்குக் கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி தீயணைப்புத் துறை 1981 ஆம் ஆண்டு முதல் இவ்வளவீட்டைத் தொடர்ந்து செய்து வருகிறது. உலகில் இத்தகைய நீண்ட தொடர் பதிவுகள் சிலவே. பல நாடுகளில் சிதறிக் கிடந்த கள அளவீடுகளைத் தொகுத்து குளோப்-எல்எஃப்எம்சி என்னும் தரவுத்தளம் 2019 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அதில் 11 நாடுகளின் 1,383 இடங்களிலிருந்து 1,61,717 அளவீடுகள் இடம்பெற்றன. 2024 ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் பதிப்பில் நாடுகளின் எண்ணிக்கை 15 ஆகவும், அளவீடுகளின் எண்ணிக்கை 2,80,000-க்கு மேலாகவும் உயர்ந்தது. செயற்கைக்கோள் தரவைக் கொண்டு கணினி மாதிரிகளைப் பயிற்றும் ஆய்வாளர்களுக்கு இத்தொகுப்பு பெரும் கொடையாக அமைந்தது. இதன் பின்னால் இருப்பது கத்தரிக்கோலும் தராசுமாகப் பல்லாண்டு மலையேறிய பணியாளர்களின் உழைப்பு என்பது ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

ஒளியில் நீரின் தடயம்

இலையின் மீது விழும் சூரிய ஒளியில் ஒரு பகுதி உறிஞ்சப்படுகிறது, ஒரு பகுதி ஊடுருவுகிறது, எஞ்சியது எதிரொளிக்கப்படுகிறது. எந்த அலைநீளத்தில் எவ்வளவு எதிரொளிக்கப்படுகிறது என்பது இலையின் உட்பொருளைப் பொறுத்தது. கட்புலனாகும் ஒளியில் பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சுகிறது. ஏறத்தாழ 700 முதல் 1,300 நானோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்புப் பகுதியில் இலையின் உள்ளறைகள் ஒளியைச் சிதறடிப்பதால் எதிரொளிப்பு மிக அதிகம். 1,300 நானோமீட்டருக்கு அப்பாலுள்ள குற்றலை அகச்சிவப்புப் பகுதியில் நீரே ஆட்சி செய்கிறது. அங்கு இலையில் நீர் மிகுந்தால் எதிரொளிப்பு குறையும். நீர் குறைந்தால் எதிரொளிப்பு கூடும்.

நீர் 970, 1,200, 1,450, 1,940 நானோமீட்டர் ஆகிய அலைநீளங்களை ஒட்டி ஒளியை உறிஞ்சுகிறது. இவற்றுள் வலிமை மிக்கவை கடைசி இரண்டு. ஆனால் அவை செயற்கைக்கோளுக்குப் பயன்படுவதில்லை. வளிமண்டலத்திலுள்ள நீராவியும் அதே அலைநீளங்களை உறிஞ்சிவிடுவதால் தரையிலிருந்து எழும் ஒளி விண்வெளியை எட்டுவதே இல்லை. ஆகவே அவ்விரு பள்ளங்களின் ஓரங்களில், அதாவது 1,600 நானோமீட்டரையும் 2,200 நானோமீட்டரையும் ஒட்டிய பகுதிகளில், கருவிகளின் பட்டைகள் அமைக்கப்படுகின்றன. இங்கு வளிமண்டலம் ஒளியைத் தடையின்றி விடுகிறது, இலை நீரின் தாக்கமும் போதிய அளவு தெரிகிறது.

டெர்ரா (1999), அக்குவா (2002) ஆகிய செயற்கைக்கோள்களில் ஏவப்பட்ட மோடிஸ் கருவி 1,240, 1,640, 2,130 நானோமீட்டர்களை ஒட்டிய மூன்று பட்டைகளை 500 மீட்டர் பிரிதிறனில் கொண்டது. அக்குவாவிலுள்ள கருவியில் 1,640 நானோமீட்டர் பட்டையின் உணரிகளுள் பெரும்பாலானவை பழுதாகிவிட்டன. தாவர நீரை ஆய்வோருக்கு மிகவும் தேவைப்பட்ட பட்டை அதுவே என்பதால் அவ்விழப்பு பெரிதும் உணரப்பட்டது. லேண்ட்சாட் வரிசை 30 மீட்டர் பிரிதிறனிலும், 2015 ஆம் ஆண்டு தொடங்கிய ஐரோப்பிய சென்டினல்-2 வரிசை 20 மீட்டர் பிரிதிறனிலும் இப்பட்டைகளைத் தருகின்றன.

சுட்டெண்கள்

இரண்டு பட்டைகளின் எதிரொளிப்பை ஒப்பிட்டு ஒற்றை எண்ணாக்குவதே மிக எளிய கணிப்பு முறை. பரவலாக அறியப்பட்ட தாவர வேறுபாட்டுச் சுட்டெண் சிவப்பையும் அண்மை அகச்சிவப்பையும் ஒப்பிடுகிறது. அது பசுமையை அளக்கிறதேயன்றி நீரை அளப்பதில்லை. புல்வெளியில் இவ்வேறுபாடு பெரிதன்று. ஏனெனில் புல் காயும்போதே மஞ்சளாகிறது. 1988 ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியப் புல்வெளிகளின் காய்வை நோவா செயற்கைக்கோள்களின் தரவு கொண்டு கண்காணிக்கும் முறையைப் பால்ட்ரிட்ஜும் பார்பரும் வெளியிட்டனர். ஆனால் தடித்த இலைகளைக் கொண்ட பசுமைமாறாப் புதர், நீரில் பாதியை இழந்த பின்னும் பச்சையாகவே நிற்கும். பசுமையை நம்பினால் அங்கு ஏமாற்றமே மிஞ்சும்.

இதற்கு மாற்றாக 1983 ஆம் ஆண்டு ஹார்டிஸ்கியும் உடனாய்வாளர்களும் அண்மை அகச்சிவப்பையும் 1,650 நானோமீட்டரை ஒட்டிய பட்டையையும் ஒப்பிடும் அகச்சிவப்புச் சுட்டெண்ணை முன்வைத்தனர். 1996 ஆம் ஆண்டு போ-காய் காவ் 860, 1,240 நானோமீட்டர் பட்டைகளைக் கொண்டு நீர் வேறுபாட்டுச் சுட்டெண்ணை வகுத்தார். இரண்டின் வடிவமும் ஒன்றே:

சுட்டெண் = (அண்மை அகச்சிவப்பு − குற்றலை அகச்சிவப்பு) ÷ (அண்மை அகச்சிவப்பு + குற்றலை அகச்சிவப்பு)

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு: ஈரமான புதர்நிலத்தில் எதிரொளிப்பு முறையே 0.40, 0.20 எனில் சுட்டெண் 0.33. அதே நிலம் காய்ந்து 0.35, 0.28 என ஆனால் சுட்டெண் 0.11. இவ்வெண்ணைக் கள அளவீட்டுடன் வரைபடத்தில் பொருத்தி, நேர்கோட்டுச் சமன்பாடு ஒன்றைப் பெற்று, அதன் வழியே ஈரப்பதத்தைக் கணிப்பர். ஒரே இனம் பரவியுள்ள நிலத்தில் இது வியக்கத்தக்க அளவு நன்றாக வேலை செய்கிறது. அந்தச் சமன்பாட்டை வேறொரு காட்டுக்கு எடுத்துச் சென்றால் பெரும்பாலும் பொய்த்துவிடும்.

வெப்பநிலையும் ஒரு துணைச் சான்றாகும். நீர் கிடைக்கும்போது தாவரம் நீராவிப்போக்கால் தன்னைக் குளிர்வித்துக் கொள்கிறது. நீர் குறையும்போது இலைத்துளைகள் மூடப்பட்டு இலை சூடாகிறது. ஸ்பெயினின் அல்காலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமிலியோ சுவியேக்கோவும் உடனாய்வாளர்களும் கபன்யேரோஸ் தேசியப் பூங்காவில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு, தாவரச் சுட்டெண்ணையும் தரை வெப்பநிலையையும் இணைத்த சமன்பாட்டை 2004 ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

கதிர்ப்பரிமாற்ற மாதிரிகள்

இடத்துக்கு இடம் சமன்பாடு மாறுவதைத் தவிர்க்க இயற்பியல் அடிப்படையிலான முறைகள் உருவாயின. 1990 ஆம் ஆண்டு ழாக்மூவும் பாரேயும் உருவாக்கிய ப்ராஸ்பெக்ட் மாதிரி, இலையிலுள்ள பச்சையம், நீர், உலர்பொருள், உள்ளமைப்பு ஆகியவற்றை உள்ளீடாகக் கொண்டு அவ்விலையின் எதிரொளிப்பைக் கணக்கிடும். 1984 ஆம் ஆண்டு வெர்ஹூஃப் வெளியிட்ட செயில் மாதிரி, அத்தகைய இலைகள் அடுக்கடுக்காக அமைந்த தழைப்பரப்பின் எதிரொளிப்பைக் கணக்கிடும். இரண்டையும் இணைத்தால், இன்ன அளவு நீருள்ள காடு விண்ணிலிருந்து எவ்வாறு தோன்றும் என்பதை முன்னறியலாம்.

தேவைப்படுவதோ இதன் தலைகீழ்: தோற்றத்திலிருந்து நீரை அறிதல். ஆயிரக்கணக்கான உள்ளீட்டுச் சேர்க்கைகளுக்கு மாதிரியை ஓட்டி, விடைகளை ஓர் அட்டவணையில் சேமித்து, செயற்கைக்கோள் கண்ட எதிரொளிப்புக்கு மிக அருகிலுள்ள வரிசையைத் தேடுவது வழக்கமான உத்தி. கணிப்பொறியியல் நோக்கில் இது எளிய தேடல்தான். சிக்கல் வேறிடத்தில் உள்ளது. அடர்த்தி குறைந்த ஈரமான காடும் அடர்த்தி மிகுந்த காய்ந்த காடும் ஏறத்தாழ ஒரே எதிரொளிப்பைத் தரக்கூடும். ஒரே விளைவுக்குப் பல காரணங்கள் பொருந்துவதால் தேடல் எதையும் எடுத்துக் கொள்ளலாம். இதைத் தவிர்க்க, இயற்கையில் சேர்ந்து காணப்படாத சேர்க்கைகள், எடுத்துக்காட்டாக மிக அடர்ந்த தழையும் மிகக் குறைந்த ஈரமும், அட்டவணையிலிருந்து முன்கூட்டியே நீக்கப்படுகின்றன. தாவர வகைக்கு ஏற்பத் தனித்தனி அட்டவணைகளும் அமைக்கப்படுகின்றன.

விகிதத்தின் சிக்கல்

இத்துறையின் ஆழமான இடர்ப்பாடு கருவியிலோ கணினியிலோ இல்லை. ஈரப்பதத்தின் வரையறையிலேயே உள்ளது. ஈரப்பதம் என்பது நீரின் நிறைக்கும் உலர்பொருளின் நிறைக்கும் உள்ள விகிதம். ஒளி காட்டுவதோ பரப்பலகு ஒன்றில் உள்ள நீரின் அளவை மட்டுமே.

இரண்டு இலைகளை எடுத்துக் கொள்வோம். மெல்லிய முதல் இலையில் சதுர மீட்டருக்கு 120 கிராம் நீரும் 60 கிராம் உலர்பொருளும் உள்ளன, ஈரப்பதம் 200%. தடித்த இரண்டாம் இலையில் 180 கிராம் நீரும் 200 கிராம் உலர்பொருளும் உள்ளன, ஈரப்பதம் 90%. நீரின் அளவை நோக்கும் கருவிக்கு இரண்டாம் இலையே ஈரமானது. தீயின் கணக்கில் அதுவே எளிதில் எரியக்கூடியது. உலர்பொருளும் 1,700 நானோமீட்டருக்கு மேல் ஒளியை உறிஞ்சவே செய்கிறது. ஆயினும் பசிய இலையில் நீரின் உறிஞ்சல் அத்தடயத்தை மூடிவிடுகிறது. எனவே உலர்பொருளின் அளவைத் தாவர இனத்தைக் கொண்டு ஊகிப்பதே பெரும்பாலும் நடக்கிறது.

ஊகம் பருவத்தோடு பொய்ப்பதும் உண்டு. கனடாவின் ஊசியிலைக் காடுகளில் வசந்த காலத்தில், பனி உருகி மண் ஈரமாக இருக்கும்போதே, பழைய ஊசியிலைகளின் ஈரப்பதம் ஆண்டின் மிகக் குறைந்த நிலைக்குச் சரிகிறது. இது வசந்தகாலச் சரிவு எனப்படும். 1967 ஆம் ஆண்டு வான் வாக்னர் இதனை விரிவாகப் பதிவு செய்தார். நீண்ட காலம் இது நீர்ப்பற்றாக்குறை என்றே கருதப்பட்டது. 2014 ஆம் ஆண்டு ஜாலியும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, நீரையும் உலர்பொருளையும் தனித்தனியே அளந்தது. ஊசியிலையின் ஈரப்பத மாற்றத்தில் ஒளிச்சேர்க்கையால் சேரும் மாவுப்பொருள் முதலியவற்றின் பங்கு பெரிது என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. நீர் குறையாமலே, வகுக்கும் எண் பெருகியதால் விகிதம் விழுகிறது. நீரை மட்டும் நோக்கும் செயற்கைக்கோள் இத்தகைய சரிவைத் தவறவிட வாய்ப்பு மிகுதி.

நுண்ணலை முறைகள்

மேகமும் புகையும் மூடினால் ஒளியியல் கருவிகள் பயனற்றவை. நுண்ணலை மேகத்தை ஊடுருவும். நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80. காய்ந்த மரத்தினுடையது அதில் சிறு பங்கே. எனவே ராடார் அனுப்பும் அலை தழையில் பட்டுத் திரும்பும் அளவு, அதாவது பின்சிதறல், தழையின் நீரைப் பொறுத்து மாறுகிறது. 2014 ஆம் ஆண்டு முதல் ஏவப்பட்ட சென்டினல்-1 வரிசை ஏறத்தாழ 5.5 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்குகிறது. ஆனால் பின்சிதறலில் மண்ணின் ஈரம், கிளைகளின் அமைப்பு, நிலச்சரிவின் கோணம் ஆகிய அனைத்தும் கலந்தே வரும். ஒரு மழை பெய்து மண் நனைந்தால், தழை மாறாமலே ராடார்க் குறிகை மாறிவிடும்.

ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்பும் முயற்சியாக, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிருஷ்ணா ராவ், அலெக்சாண்டிரா கோனிங்ஸ் முதலியோர் 2020 ஆம் ஆண்டு சென்டினல்-1 ராடார் தரவையும் லேண்ட்சாட்-8 ஒளியியல் தரவையும் இணைத்தனர். முந்தைய மாதங்களின் தரவை நினைவில் கொள்ளும் செயற்கை நரம்பு வலையமைப்பு ஒன்று, அமெரிக்க மேற்கு மாநிலங்களுக்கு 15 நாட்களுக்கு ஒருமுறை 250 மீட்டர் பிரிதிறனில் ஈரப்பத வரைபடத்தைத் தந்தது. அதன் சராசரி வர்க்கமூலப் பிழை 25 விழுக்காட்டுப் புள்ளிகள்.

அமெரிக்க நாசாவும் இந்திய விண்வெளி ஆய்வு மையமும் இணைந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள் 2025 சூலை 30 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் எல் பட்டை ராடாரின் அலைநீளம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். நீண்ட அலை தழையைக் கடந்து கிளைகள் வரை செல்லும் என்பதால் அடர்ந்த காடுகளின் நீர்நிலையை அறிய அது உதவக்கூடும்.

தெற்குக் கலிபோர்னியாவின் சப்பரல் புதர்க்காடு

இக்கணிப்பு மிக நெருக்கமாக ஆராயப்பட்ட நிலங்களுள் ஒன்று சாண்டா மோனிக்கா மலைத்தொடர். அங்குள்ள சப்பரல் என்னும் பசுமைமாறாப் புதர்க்காட்டில் சமீஸ் என்னும் செடி பெருமளவு காணப்படுகிறது. குளிர்கால மழைக்குப் பின் வசந்தத்தில் துளிர்க்கும் அதன் ஈரப்பதம் 100 விழுக்காட்டைக் கடக்கும். கோடையில் படிப்படியாகக் குறைந்து இலையுதிர் காலத்தில் 60 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். அதே காலத்தில்தான் பாலைநிலத்திலிருந்து கடலை நோக்கிச் சாண்டா அனா என்னும் வறண்ட காற்று வீசும். தீயணைப்புத் துறை 60 விழுக்காட்டை நெருக்கடி நிலையாகக் கொள்கிறது. பிலிப் டெனிசனும் மாக்சு மோரிட்சும் 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பெருந்தீக்கள் ஏறத்தாழ 79 விழுக்காட்டுக்குக் கீழேயே நிகழ்ந்துள்ளன என்று கண்டனர். ஆண்டுதோறும் அந்த எல்லை எந்த வாரத்தில் எட்டப்படும் என்பதை வசந்தகால மழையே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும் அவர்களின் முடிவு.

வழக்கமாகத் திசம்பர் மாதத்துக்குள் மழை வந்து இந்நெருக்கடியை முடித்துவைக்கும். 2024 ஆம் ஆண்டில் அவ்வாறு நிகழவில்லை. 2022-23, 2023-24 ஆகிய இரு குளிர்காலங்களின் நல்ல மழையால் புல்லும் புதரும் செழித்து வளர்ந்திருந்தன. 2024 மே முதல் எட்டு மாதம் குறிப்பிடத்தக்க மழையே இல்லை. 2025 சனவரி 7 அன்று கடுங்காற்றின் நடுவே தொடங்கிய பாலிசேட்ஸ் தீயும் ஈட்டன் தீயும் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தன. 30 பேருக்கு மேல் உயிரிழந்தனர். ஈரப்பதம் குறைவாக இருந்தது முன்கூட்டியே தெரிந்த செய்திதான். குறைந்த ஈரப்பதம் எங்கு, எந்த நாளில் தீ மூளும் என்று சொல்வதில்லை. மூண்டால் அடங்காது என்பதை மட்டுமே சொல்கிறது. காற்றும் தீப்பொறியும் மக்கள் குடியிருக்கும் இடமும் தனிக் கணக்குகள்.

ஆஸ்திரேலியா

கண்டம் முழுவதற்குமான கண்காணிப்பு அமைப்பு ஆஸ்திரேலியாவில் உருவாயிற்று. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மார்த்தா யெப்ராவும் உடனாய்வாளர்களும் மோடிஸ் தரவையும் கதிர்ப்பரிமாற்ற மாதிரியையும் கொண்டு ஈரப்பதத்தைக் கணித்து, அதிலிருந்து எரியுந்தன்மைச் சுட்டெண்ணையும் பெறும் முறையை 2018 ஆம் ஆண்டு விவரித்தனர். 32 இடங்களின் 360 கள அளவீடுகளுடன் ஒப்பிட்டபோது பிழை 40 விழுக்காட்டுப் புள்ளிகள் எனத் தெரிந்தது. ரேச்சல் நோலனும் உடனாய்வாளர்களும் 2016 ஆம் ஆண்டு தென்கிழக்கு ஆஸ்திரேலியக் காடுகளை ஆராய்ந்து, தழையின் ஈரப்பதம் ஏறத்தாழ 156%, 102% ஆகிய இரு எல்லைகளைத் தாண்டிக் குறையும்போது எரியும் பரப்பு திடீரெனக் கூடுகிறது என்றனர். கலிபோர்னியாவின் 79 விழுக்காட்டுடன் இவ்வெண்கள் ஒத்துப்போகாததில் வியப்பில்லை. யூக்கலிப்டசுக் காடும் சப்பரல் புதரும் ஒன்றல்ல. அபாய எல்லை என்பது உலகப் பொதுவான மாறிலி அன்று.

துல்லியமும் வரம்புகளும்

பிழை 25 புள்ளிகள் என்றால் நடைமுறையில் அதன் பொருள் யாது? வரைபடம் 80% என்று காட்டும் இடத்தில் உண்மை 60 விழுக்காடாகவோ 100 விழுக்காடாகவோ இருப்பது இயல்பே. சமீசுக்கு முதலாவது நெருக்கடி, இரண்டாவது பாதுகாப்பு. ஆகவே ஒரு நாளின் ஒரு படப்புள்ளியைப் பார்த்து, திட்டமிட்ட எரிப்பைத் தொடங்குவதோ தீயணைப்புப் படையைத் திருப்பி அனுப்புவதோ தகாது. அதே இடத்தின் முந்தைய ஆண்டுகளுடன் ஒப்பிட்டு, இவ்வாண்டு வழக்கத்தைவிட எத்தனை வாரம் முன்னதாகக் காய்கிறது என்று பார்ப்பதே பயன் மிக்கது. இடத்துக்கே உரிய நிலையான பிழை அவ்வொப்பீட்டில் பெரும்பாலும் கழிந்துவிடும்.

பிழை முழுவதும் செயற்கைக்கோளுடையது என்றும் கூறவியலாது. 500 மீட்டர் படப்புள்ளி ஒன்று 25 எக்டேர் நிலத்தை உள்ளடக்கியது. அதில் புதர், புல், வெறும் பாறை, பாதை எல்லாம் இருக்கும். களப்பணியாளர் வெட்டிய தழையோ ஒரே இனத்தின் சில செடிகளிலிருந்து வந்தது. இரண்டும் ஒத்துப்போகாதபோது எது தவறு என்ற கேள்விக்கு எப்போதும் விடை கிடைப்பதில்லை. மரத்தழையின் கீழ் மறைந்திருக்கும் சருகும் சிறு செடிகளும் ஒளியியல் கருவியின் கண்ணில் படுவதே இல்லை. தரைத் தீ தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

கருத்து வேறுபாடு

தழையின் ஈரப்பதம் தீப்பரவலை எந்த அளவு கட்டுப்படுத்துகிறது என்பதிலேயே அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை. மார்ட்டின் அலெக்சாண்டரும் மிகுவேல் குரூசும் 2013 ஆம் ஆண்டு, மரத்தழைத் தீ குறித்த களச் சோதனைகளில் ஈரப்பதத்தின் தாக்கம் புள்ளியியல் வழியில் தெளிவாகப் புலப்படவில்லை என்று வாதிட்டனர். காற்றும் இறந்த எரிபொருளும் அதனை விஞ்சிவிடுகின்றன என்பது அவர்கள் போன்றோரின் நிலைப்பாடு. பிரான்சின் பிமோனும் உடனாய்வாளர்களும் 2019 ஆம் ஆண்டு இதற்கு மறுப்பாக, களச் சோதனைகளில் ஈரப்பத அளவீட்டின் பிழைகளும் குறுகிய வீச்சுமே தாக்கத்தைக் குறைத்துக் காட்டுகின்றன என்று புதர்நிலங்களை முன்வைத்து விளக்கினர். ஆய்வகச் சோதனைகள் பிந்தைய கருத்துக்கே பெரிதும் துணை நிற்கின்றன.

இந்தியாவில்

இந்திய வன அளவைத் துறை 2004 ஆம் ஆண்டு முதல் மோடிஸ் தரவைக் கொண்டும், பின்னர் சூவோமி என்பிபி செயற்கைக்கோளின் வீர்ஸ் கருவியைக் கொண்டும் காட்டுத்தீ எச்சரிக்கைகளை மாநில வனத்துறைகளுக்கு அனுப்பி வருகிறது. இவை எரியும் தீயின் வெப்பத்தைக் கண்டறிவன. ஈரப்பதக் கணிப்பு அல்ல. 2003 ஆம் ஆண்டு ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-1 முதல் அவ்வரிசையின் இந்தியச் செயற்கைக்கோள்களிலுள்ள லிஸ்-3, ஏவிஃபஸ் கருவிகள் 1,550 முதல் 1,700 நானோமீட்டர் வரையிலான பட்டையைக் கொண்டுள்ளன. நீர்ச் சுட்டெண்ணைக் கணக்கிட இதுவே போதும். குறைவாக இருப்பது கள அளவீடு. தமிழ்நாடு உள்ளிட்ட தென்னிந்தியாவின் இலையுதிர்க் காடுகளில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எரிவது பெரும்பாலும் உதிர்ந்த சருகும் காய்ந்த புல்லுமே ஆதலால், கலிபோர்னியாவின் தழை ஈரப்பத எல்லைகளை இங்கு அப்படியே பொருத்த இயலாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றோர் 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த தீயும் காய்ந்த புல் நிறைந்த சரிவிலேயே பரவியது. இத்தகைய நிலங்களில் புல் எந்த வாரத்தில் எத்தனை பங்கு காய்ந்தது என்னும் வரைபடமே முதலில் தேவைப்படுவது.